மானியத்துக்காக ஒரு குட்டையைக் கெடுத்த கதை

அரசாங்கத்திடம் எதையாவது கேட்கப் போகிறவன் முகத்தைக் கழுவிக்கொண்டு போகக் கூடாது என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் ஊரான ராமாபுரத்தில் கடனுக்கோ மானியத்துக்கோ மனுப் போட்டுவிட்டு, அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்தால், முதல் வேலையாகச் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவோம். ரேடியோ கட்டிலுக்கு அடியில் போகும். அம்மா இருப்பதிலேயே பழைய புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொள்வாள். அதிகாரி தலை மறைந்ததும் சைக்கிள் திரும்பி வரும். (பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டிருந்தால் அவர் சைக்கிளும் அவர் மிக்ஸியும் எங்கள் வீட்டில் இருக்கும்.) இதை ஊரில் யாரும் பொய்யென்று நினைத்ததில்லை. விருந்தாளி வந்தால் பாயை விரிக்க வேண்டும், அதிகாரி வந்தால் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஞானத்தோடு தொண்ணூறுகளில் மைசூருக்கு வந்து சேர்ந்தேன். கையில் பி.காம். பட்டம், சட்டைப் பையில் ஒன்றுமில்லை, தங்கியது அக்கா வீட்டில். அக்கா மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சுவிட்ச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். மாமா அந்தப் பக்கத்திலேயே கம்பெனி பஸ் ஓட்டினார். இருவரும் வேலைக்குப் போன பிறகு வீட்டைக் காவல் காக்கும் பொறுப்பு என்னுடையது. (திருட்டுப் போக வீட்டில் எதுவும் இல்லை என்பதால் அதைச் சிறப்பாகவே செய்தேன்.)

அந்த வீடு தொழிலாளர்கள் சங்கம் அமைத்து வாங்கிய லேஅவுட்டில் இருந்தது. லேஅவுட்டின் ஓரத்தில் ஒன்றரை ஏக்கரில் ஒரு குட்டை. கோடையில் காய்ந்து கிடக்கும், மழைக்காலத்தில் நிறையும். சங்கத் தலைவர் சிக்கண்ணாவுக்கு அந்தக் குட்டையைப் பார்க்கும்போதெல்லாம் பதினெட்டு சைட்டு தெரியும். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் பதினெட்டு வீடு கட்டலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். சங்கச் செயலாளர் என் அக்கா. லேஅவுட் பிள்ளைகளுக்கு ஓடியாட அதை விட்டால் வேறு இடமே இல்லை என்பது அவள் கட்சி.

அப்போதுதான் மாநில அரசின் ஒரு திட்டம் பற்றி அக்காவுக்குத் தெரிய வந்தது. நிலத்தையும் நீர்நிலையையும் பாதுகாத்து, சுற்றிலும் மக்கள் நடக்க, பிள்ளைகள் விளையாட இடம் செய்து கொடுக்க மானியம் தருவார்களாம். மானியம் வந்துவிட்டால் இடம் அரசாங்கப் பதிவில் ஏறிவிடும், பிறகு யாரும் சைட்டு போட முடியாது. அக்கா பொதுக்குழுவில் எழுந்து நின்று அவகாசம் கேட்டாள். நூறு ஆண்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒற்றைப் பெண்ணாகப் பேசி, தீபாவளி வரைக்கும் தவணை வாங்கினாள். அதற்குள் மானியம் வராவிட்டால் குட்டை சிக்கண்ணா சொன்னபடி சைட்டாகிவிடும்.

விண்ணப்பத்தை நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. லேஅவுட்டிலேயே பகலில் சும்மா இருந்த ஒரே பட்டதாரி நான்தான். பதினாறு பக்கம். முதல் பகுதியைப் படித்தேன். சீரழிந்த நிலத்தைச் சீராக்க என்று இருந்தது. நமக்கு வேண்டியது இதுதானே என்று அதை மட்டும் நிரப்பினேன். மே மாதம், குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாடகைக் காமிராவில் எட்டுப் படம் எடுத்தேன். வெடிப்புக்கு நடுவில் ஒரு கறுப்பு ஆடு வந்து நின்றால் உருக்கமாக இருக்குமே என்று முக்கால் மணி நேரம் காத்திருந்து அதையும் எடுத்தேன். கூடவே ஒரு கடிதம். அதை டைப் அடித்துக் கொடுத்த பெண், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள்.

பிறகு மழை வந்தது. சாதாரண மழை இல்லை, மூன்று வருட மழை ஒரே தடவையாக வந்தது. குட்டை கரை வரைக்கும் நிறைந்தது. எங்கிருந்தோ வாத்து மாதிரி பறவைகள் கூட்டமாக வந்து இறங்கின. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். அக்கா பிள்ளைகளோடு கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் அனுப்பிய படத்தில் இருப்பது பாலைவனம், இங்கே இருப்பது சினிமா டூயட் எடுக்கிற இடம். அதிகாரி வந்து பார்த்தால் என்ன சொல்வார்?

ஆவணி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவும் மாமாவும் பிள்ளைகளும் ஹனூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். போகும்போது அக்கா சொன்னாள்: "தம்பி, நாங்க திங்கக்கிழமெ காத்தால வந்தர்றோம். அது வரைக்கும் நீ சும்மா இரு கண்ணு. ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அக்கா எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே சுலபமானது அதுதான். அதைத்தான் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை தபாலில் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் பார்வையிடுவார். அக்காவுக்குச் சொல்லலாம் என்றால் கல்யாண வீட்டில் போன் கிடையாது. ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடிந்ததும் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. சைக்கிளை ஒளித்து வைக்கலாம், ரேடியோவை ஒளித்து வைக்கலாம். குட்டையை மட்டும் ஏன் முடியாது?

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டட வேலை செய்யும் இரண்டு பேரை மண்வெட்டியோடு கூட்டிவந்து, தாழ்வான பக்கத்தில் கரையை வெட்டச் சொன்னேன். "தண்ணி நிக்கற குட்டைய யாராச்சும் வெட்டுவாங்களாண்ணா?" என்று அதில் ஒருவர் கேட்டார். "கவர்மெண்டு வேலை" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மூன்று மணிக்குள் தண்ணீரில் முக்கால்வாசி ஓடிவிட்டது. பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயின.

ஆனாலும் மனசு நிறையவில்லை. சேறு ஈரமாகப் பளபளத்தது, பார்க்க அதுவும் அழகாகத்தான் இருந்தது. அந்த வழியாகக் கேன்டீன் குப்பையை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் போனது. நிறுத்தி, இங்கேயே கொட்டிக்கொள்ளுங்கள் என்றேன். டிரைவர் என்னைக் கும்பிடாத குறை. நாலு மைல் டீசல் மிச்சம். இருந்த ஒரே குறை ஆடு. படத்தில் இருந்த கறுப்பு ஆட்டைத் தேடிப் போனால் அதை விற்றுவிட்டார்களாம். ஒரு வெள்ளை ஆட்டைக் கேட்டு வாங்கிவந்து குப்பைப் பக்கத்தில் கட்டினேன். கரையில் நின்று பார்த்தேன். அப்படியே படத்தில் இருந்தது போலவே இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை இவ்வளவு முழுமையாக நான் முடித்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தபோது குப்பை நாலு மடங்காகி இருந்தது. டிராக்டர்காரர்களுக்குள் விஷயம் பரவிவிட்டது. கேட்காமலே வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை ஆடு அதன்மேல் ஏறி நின்று இலையைத் தின்றுகொண்டிருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், தலையில் துணித் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். (அந்தப் பைனாகுலரைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) சிக்கண்ணாவும் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேரும் கூடவே வந்தார்கள். எல்லோரும் கரைமேல் ஏறினார்கள். அதிகாரி குட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் பார்த்தார்.

"ஏன்ரீ இது?" என்றார் கன்னடத்தில், என்னங்க இது என்று.

சிக்கண்ணாவுக்கும் அது புதுக் காட்சிதான். ஆனால் மனிதர் ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். "நான் இதைத்தான் சார் ரொம்ப நாளாகச் சொல்கிறேன்" என்றார். "இது எப்போதுமே குப்பைக்குழிதான். கொசு, நாற்றம். இதில் அரசாங்கப் பணத்தைப் போட்டு என்ன பிரயோஜனம்? மண்ணைப் போட்டு மூடிவிட்டால் பதினெட்டுக் குடும்பம் பிழைக்கும்."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாருக்காக இந்த வேலையெல்லாம் செய்தேனோ அவளுக்கு எதிராகச் சாட்சியைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். அதுவும் ஒரே நாளில், சொந்தக் காசில்.

சரியாக அந்த நேரத்தில் அக்கா பிள்ளைகளோடு வந்தாள். ஒரு கையில் கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பை, இன்னொரு கையில் செருப்பு, முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. "எந்தப் பைப்புடா ஒடைஞ்சுது? பஸ் ஸ்டாப் வரைக்கும் தண்ணி நிக்குது" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கரைமேல் ஏறினாள். தன் குட்டையைத்தான் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஏறிப் பார்த்தவள் பையைக் கீழே வைத்தாள்.

அதிகாரி பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "போன வாரம் ஒருநாள் நான் தனியாக இங்கே வந்திருந்தேன்" என்றார். "கரை நிறையத் தண்ணீர். முப்பத்தெட்டுச் சிறகி வாத்து, ஆறு முக்குளிப்பான். எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் திட்டத்தில் இரண்டாவது பகுதி ஒன்று இருக்கிறது. நன்றாக இருக்கிற இடத்தை நன்றாகவே வைத்திருக்கத் தருகிற மானியம். தப்பான பகுதியை நிரப்பியிருக்கிறீர்கள், மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். இந்த வருடப் பட்டியலில் முதல் பெயரே இந்தக் குட்டைதான்."

இரண்டாவது பகுதி. ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை. நல்லதுக்கும் அரசாங்கம் பணம் தரும் என்று ராமாபுரத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. நேற்றைய டிரைவர். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அண்ணா, நீங்க நேத்து காட்டின ஜாகா ஃபுல் ஆயிடுச்சு. இந்த லோடு எங்க கொட்டறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிக்கண்ணா என் தோளில் கையைப் போட்டு, "வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறான், விடுங்கள் சார்" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டது அன்று ஒருநாள்தான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அக்கா முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பொதுக்குழுவில் நூறு பேருக்கு நடுவில் நின்று பேசியவள், அங்கே பிள்ளைகள் முன்னால் அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் வெட்கப்பட்டதுபோல நான் வேறெப்போதும் வெட்கப்பட்டதில்லை.

"நான்தான் சார் வெட்டிவிட்டேன்" என்றேன். கரையை வெட்டியது, குப்பை, ஆடு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைச் சொன்னபோது அதிகாரி நிறுத்தினார். "ஆடு எதற்கு?" என்றார். "படத்தில் இருந்தது சார்" என்றேன். அவர் சற்று நேரம் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குட்டையைப் பழையபடி ஆக்க இரண்டு வாரம் கெடு கொடுத்துவிட்டுப் போனார். குப்பையை ஒரு கூடை விடாமல் நான்தான் அள்ளினேன். மாமா லீவு போட்டுவிட்டு வந்து கரையை அடைத்தார். என்னோடு பேசாமலேயே அடைத்தார். அக்கா பேசினாள், ஆனால் "அந்தக் கூடையெ எடு", "இந்தக் கூடையெ வெய்யி" என்பதோடு சரி. புரட்டாசி மழை கொஞ்சம் இரக்கம் காட்டியது. அதிகாரி மறுபடி வந்தபோது முக்கால் குட்டைத் தண்ணீரும் ஒன்பது பறவையும் இருந்தன. ஒன்பதையும் எண்ணி எழுதிக்கொண்டார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. கரையைச் சுற்றி நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், பன்னிரண்டு நிபந்தனைகள். ஏழாவது நிபந்தனை, தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முன்னர் மேற்படி குட்டையின் கரையை வெட்டி நிறைந்திருந்த நீரை வெளியேற்றியவரும் சங்கச் செயலாளரின் தம்பியுமான நபரை, பராமரிப்புத் தொடர்பான எந்தப் பணியிலும் எக்காரணம் கொண்டும் ஈடுபடுத்தலாகாது."

என்னைத் தடுக்க ஒரு மாநிலமே உத்தரவு போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதன்பிறகு எனக்கு ஏழாவது நிபந்தனை என்றே பெயர். கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் வாளியைத் தொட்டால் அக்கா மகன் "மாமா, ஏழாவது நிபந்தனை" என்பான். வாளியை வைத்துவிடுவேன். என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே அதை மனப்பாடம் செய்துவிட்டாள். டிவி ரிப்பேரானால் என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவாள்.

பல வருடம் கழித்துப் புதிதாக வந்த சங்கத் தலைவர் மறுபடியும் சைட்டுப் பேச்சை எடுத்தார். அங்கே எந்தக் காலத்திலும் தண்ணீர் நின்றதில்லை, வெறும் பள்ளம்தான் என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பழைய பைனாகுலர் அதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எடுத்த எட்டுப் படத்திலும் காய்ந்த மண்தான். அக்கா லேமினேட் செய்த உத்தரவை மேசைமேல் வைத்து, ஏழாவது நிபந்தனையில் விரலை வைத்தாள். தாசில்தாருக்குத் தமிழ் புரியும் என்று தெரிந்ததால் தமிழிலேயே கேட்டாள்.

"அங்க தண்ணியே இல்லீன்னா, என்ற தம்பி எதைங்க வெட்டி உட்டான்?"

தாசில்தார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது நீங்கதானா?" என்றார். "நான்தாங்க" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

குட்டை அங்கேயேதான் இருக்கிறது. இந்த வருடமும் சிறகிகள் வந்திருக்கின்றன. உத்தரவு இன்னும் அமலில் இருப்பதால், அங்கே ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அக்கா என்னை விடுவதில்லை.