ஓயாத சேவையை ஓயவைத்த நாள்

மடிக்கேரி மழைக்கணக்கு அலுவலகத்தில் பெள்ளியப்பாவின் விரல் பத்து நிமிடமாக விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. பதினொரு வருடம் நிற்காமல் ஓடிய சேவையை இன்று அவர் நிறுத்தியாக வேண்டும். நாளை புதிய சர்வர் வருகிறது. காப்பித் தோட்டங்கள் அனுப்பும் மழை அளவைக் கணக்குப் போட்டு, ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்புவது இந்தப் பழைய சேவைதான். கணக்குக்காகக் காத்திருக்கும் அளவுகளின் வரிசை பூஜ்யம் ஆகுமுன் நிறுத்தினால் மிச்சமிருப்பது அழிந்துவிடும். அந்தக் கரையில்தான் அவருடைய மாமியார் வீடும் இருக்கிறது.

வரிசையில் நாற்பது இருந்தது. 'இன்று மழை அளவு அனுப்ப வேண்டாம்' என்று எல்லாத் தோட்டங்களுக்கும் செய்தி அனுப்பினார்.

குடகுக்காரனிடம் மழையைப் பற்றிப் பேசாதே என்றால் கேட்பானா? 'ஏன்? எனக்கு மூணு இஞ்சு இருபது சென்ட்' என்று, இஞ்சில் நூறில் ஒரு பங்கான சென்ட் வரை துல்லியமாகப் பதில்கள் கொட்டின. வரிசை நூற்றுப்பத்து ஆனது.

புதிதாக எதுவும் நுழையாதபடி வரவை அடைத்தார். உடனே தொலைபேசி அலறியது. ஒரு தோட்டக்காரர்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் எத்தனை இஞ்சுன்னான்? எனக்கு அதவிட ரெண்டு சென்ட் சேத்துப் போட்டுக்குங்க."

ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அதிகாரி குஷாலப்பா ஓடி வந்தார்.

"கலெக்டருக்கு லைன் கிடைக்கலையாம். என்னய்யா பண்றே?"

"இறங்குது பாருங்க சார்."

ஐம்பது, இருபது, ஒன்று. அங்கேயே நின்றுவிட்டது. மணியும் ஒன்று.

குஷாலப்பா குரலைத் தாழ்த்தினார். "தினமும் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் அது அசையாது. ஏன்னு இதைச் செஞ்சு குடுத்த பெங்களூர்க்காரங்களுக்கே தெரியல. பெரிய சக்திய்யா அது."

இருவரும் பட்டினியாகக் காத்திருந்தார்கள். இரண்டு அடித்ததும் ஒன்று பூஜ்யமானது. பெள்ளியப்பாவுக்கு மெய்சிலிர்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதை நிறுத்தினார். கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த நிமிடமே அவருடைய செல்போனில் மாமியார் கூப்பிட்டார். "வெள்ள எச்சரிக்கை இப்பதான் வந்துச்சு மாப்ளே. மேட்டுக்குக் கிளம்பிட்டோம்."

"நிறுத்தின பிறகுமா?" குஷாலப்பா சர்வரைப் பார்த்துக் கைகூப்பினார்.

பக்கத்து அறையில் தட்டச்சு செய்யும் தெச்சம்மா, கழுவிய டிபன் பாக்ஸோடு எட்டிப் பார்த்தாள்.

"அது நான் அனுப்பினது சார். இவங்க அனுப்புறது இஞ்சு, அந்த மெஷினுக்குத் தெரிஞ்சது மில்லிமீட்டர், அதனால பதினோரு வருஷமா வர்றது எல்லாத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டுடும், நான்தான் கையால கணக்குப் போட்டு அனுப்பறேன்."