ஏழாம் விதியும் தலைவரின் உறக்கமும்

மேலேவிளை வீடு,
பாறசாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஞானதாஸ் அண்ணன் அவர்களுக்கு, தம்பி விஜயதாஸ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் வீட்டுக்காரியும் என் ரத்த அழுத்தமும் ஒருவிதமாக ஒத்துப்போய் இருக்கிறோம். கோயம்புத்தூரில் உங்கள் புது மூட்டும் பழைய மூட்டும் அதேபோல் ஒற்றுமையாக நடக்க வேண்டும் என்று தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுவருகிறோம்.

நிற்க. நம் சொந்தக்காரர் சங்கமாகிய குடும்ப யோகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஏழாம் விதியைத் திருத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் வந்து சேர்ந்தது. கேட்டு முடிப்பதற்குள் போன் கையில் சூடாகிவிட்டது. "எலே, தலைவர் நாற்காலியில நீ உறங்கியாக்கும் இருந்தே. அதை ஒரு தாளில எழுதி ஒப்புப் போட்டு தபாலில அனுப்பு. உறங்கினவனுக்க வோட்டு செல்லாது. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தீர்கள். உங்கள் சொல்லை நான் எந்தக் காலத்தில் தட்டியிருக்கிறேன்? அதன்படியே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் காகிதத்தில் முறையாக நிற்கட்டும். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர், இந்திய அரசியலமைப்பை வேதபுத்தகத்துக்கு அடுத்த அலமாரித் தட்டில் வைத்திருந்தவர். அதைப் பார்த்துத்தான் குடும்ப யோகத்துக்கும் விதிகள் எழுதினார். முகவுரை உண்டு, உரிமைகள் உண்டு, வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால் திருத்தம் செய்யலாம் என்றும் உண்டு. முதல் விதி, இந்த வீட்டில் பிறந்த யாவரும் உறுப்பினர் என்பது. பிறகு நம் தங்கை சுகிர்தபாய் பாலராமபுரத்து வேலாயுதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வருடம்தான் ஏழாம் விதி வந்தது. திருச்சபைக்கு வெளியே கல்யாணம் செய்த பெண் யோகத்தின் பந்தலில் உட்காரக்கூடாது, இந்த விதியை எக்காலத்திலும் யாரும் திருத்தவும் கூடாது. அன்றுமுதல் அவள் வருடாவருடம் வேலாயுதனோடு ஆட்டோவில் வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள், நாம் இலையில் சோறும் மீன்கறியும் கொண்டுபோய்க் கொடுப்போம், புளி கூடுதல் என்று அவள் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லி அனுப்புவாள். பந்தலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் உடுத்தியிருப்பது வேலாயுதன் கடைக் கைத்தறிதான், அதுவும் சொந்தக்காரர்களுக்கான விலையில். கடையில் சொந்தம், பந்தலில் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூட்டம் என்பதும் அப்பா வைத்த வழக்கம். வயிறு நிறைந்தவன் கை ஓங்கமாட்டான் என்பார். ஆனால் வயிறு நிறைந்தவனுக்குக் கண் நிற்காது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தலைவரான நீங்கள் மூட்டு ஆபரேஷனால் வரமுடியாததால் இந்த வருடம் தற்காலிகத் தலைவராக என்னை உட்காரவைத்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீனும் பாயசமும் உள்ளே போயிருந்தன. மழை பெய்வேனா மாட்டேனா என்று நின்றது. ரப்பர் மரங்களுக்கு இடையே வெயில் பச்சையாக வந்து தார்ப்பாயில் விழுந்து, பந்தலுக்கு உள்ளே எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரிந்தது. நான் உத்தியோகம் பார்த்தது நெய்யாறு அணையில் அல்லவா, ஷட்டர் பக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துப் பார்த்து, கண் திறந்திருக்கும்போதே பாதி ஆள் வேறெங்கோ போய்விடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை.

திருத்தத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் கோபிக்கக்கூடாது. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் உங்கள் சொந்த மகள் பின்சிதான். எதிர்த்தது நம் சித்தப்பா மகள் ரத்னபாய் அக்கா. டிவியில் அரசியலமைப்பைத் திருத்துவது பற்றிச் சண்டை நடக்கும் நாள்களில் எல்லாம் அக்கா பார்லமென்டின் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் வோட்டுப் போட்டு அனுப்பினவர்கள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், கோர்ட் யார் கேட்பதற்கு என்பாள். பின்சி கோர்ட்டின் பக்கம். பார்லமென்டு திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக்கூடாது, நம் காசர்கோட்டு மடாதிபதி ஒருவர் போட்ட வழக்கிலேயே அது முடிவாகிவிட்டது என்பாள். அன்றைக்குப் பந்தலில் இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள். அக்கா எதையும் தொடக்கூடாது என்கிறாள், பின்சி மாற்றியே தீர வேண்டும் என்கிறாள். நாட்டுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம். நான் யார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண எண்ண எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

"எக்காலத்திலும் திருத்தப்பிடாதுன்னு எழுதியிட்டு உண்டு. பின்னெ என்னத்துக்கு வோட்டு?" என்றாள் அக்கா.

"மாமி, எமர்ஜென்சி காலத்தில பார்லமென்டும் இப்பிடித்தான் செஞ்சது. எங்க திருத்தத்தை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்கப்பிடாதுன்னே ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பின்னால கோர்ட் அதையே எடுத்துத் தள்ளிச்சு. ஏழாம் விதியும் இடையில வந்த திருத்தமாக்கும். முதல் விதி என்ன சொல்லுது? இங்க பிறந்த எல்லாரும் உறுப்பினர். அதாக்கும் நம்ம அடிப்படைக் கட்டமைப்பு. அதை உடைக்க தாத்தாவுக்கே அதிகாரம் கிடையாது" என்றாள் பின்சி.

"நம்ம குடும்பத்துக்கு எந்தக் காலத்திலடி கட்டமைப்பு உண்டாயிருந்தது?" என்று அக்கா கேட்டதும் பந்தலே யோசனையில் ஆழ்ந்துவிட்டது. கிழக்குப் பக்கத்துப் பலாமரம் என்றார் ஒருவர். சர்க்கரை வியாதி என்றார் இன்னொருவர். தீராத வேலி அதிர்த்தி வழக்கு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வழக்கு அடுத்த வீட்டோடு என்பதால் அது வெளிவிவகாரம் என்று தள்ளுபடி ஆனது.

இதற்குள் என் கண் சொருகிவிட்டது. அண்ணே, ஒரு கனவு கண்டேன். அணை நிறையத் தண்ணீர். அதன் நடுவில் பெரிய வட்டக் கட்டடம் ஒன்று மிதக்கிறது, தூண்களுக்கு இடையே மீன்கள் போய்வருகின்றன. உறுப்பினர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தோணியில், கைதூக்கினால் தோணி ஆடுகிறது, அதனால் யாரும் கை தூக்குவதில்லை. சபாநாயகர் நாற்காலியில் நம் அப்பா, வேட்டி நுனி தண்ணீரில் நனைய, சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூட மணி கையில் இருக்கிறது, அடிக்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து அவர் முழங்காலைத் தொட்டது. என்னைப் பார்த்து, "வெள்ளம் கூடியிட்டு மக்கா. ஷட்டரைத் தூக்கட்டா?" என்று கேட்டார். அது என் உத்தியோகம். தலையை ஆட்டினேன்.

கண் விழித்தால் பந்தலில் ஒரே கைதட்டல். விஷயம் என்னவென்றால், மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு கை குறைந்திருக்கிறது. பின்சி என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, சம்மதமா?" என்று கேட்டிருக்கிறாள். என் தலை மேலும் கீழும் நன்றாக ஆடியிருக்கிறது.

"உறங்கினவனுக்க வோட்டு செல்லுமா?" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

"டெல்லியில உறங்குறவங்களுக்க வோட்டும் செல்லுதே மாமி" என்றாள் பின்சி.

பிறகு எல்லாரும் கேட்டுக்குப் போனார்கள். சுகிர்தம் ஆட்டோவிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். பிறகு இறங்கினாள். பந்தலுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, "இதுக்குள்ள இவ்வளவு புழுக்கமா? இதுக்காக்கும் இத்தனை வருஷம் நான் வெளிய கெடந்தேன்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். ரத்னபாய் அக்கா வேறு பக்கம் பார்த்தபடியே டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தாள், அது எந்த விதிப்படி என்று நான் கேட்கவில்லை. வேலாயுதன் உள்ளே வரவில்லை. "என்னெப் பத்தி ஒண்ணும் பாஸாகல்லியே. நான் இவிடத்தன்னே இருக்காம்" என்று ஆட்டோவிலேயே காலை நீட்டிவிட்டான்.

ஆகவே நீங்கள் கேட்டபடி இதனால் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி கூட்டத்தில் மேலேவிளை விஜயதாஸ் ஆகிய நான் ஆட்டியது வாக்கு அல்ல, உறக்கம். கனவில் அணையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில், ஏழாம் விதியைக் கட்டுப்படுத்தாது. திருத்தத்தைச் செல்லாது என்று அறிவிக்க உங்களுக்கு இந்தத் தாள் போதும். அடுத்த வருடம் சுகிர்தத்திடம் திரும்ப ஆட்டோவில் உட்காரச் சொல்லும் வேலையை மட்டும் தயவுசெய்து என்னிடம் தரவேண்டாம், அதை நீங்களே வந்து சொல்லுங்கள்.

மதினிக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் மகன் எபினுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சமாதானத்தின் தேவன் உங்களையும் உங்கள் மூட்டையும் காத்து, படிக்கட்டு இல்லாத பாதையில் நடத்துவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
விஜயதாஸ்

பி.கு.: அண்ணே, ஒப்புப் போட்டுக் கவரையும் ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளது ஒன்றும் செல்லாது. நான் உறங்கவில்லை. அணை, தோணி, வட்டக் கட்டடம் எல்லாம் நேற்றிரவு உட்கார்ந்து உண்டாக்கியது. பின்சி கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்துகொண்டு உங்களுக்கு எதிராகத் தலையாட்ட எனக்குத் தைரியம் இல்லை, அதனால் மூடிக்கொண்டு ஆட்டினேன். ஏழாம் விதி எழுதிய அன்றைக்கு அப்பாவுக்குப் பேனாவைத் திறந்து கொடுத்தது நீங்கள், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அவர் சாகிறவரைக்கும், ஒவ்வொரு வருடமும் பந்தியில் இலை போட்டதும், நீங்கள் கை கழுவப் போகும் நேரம் பார்த்து என்னிடம் மெதுவாக, "எலே, அவளுக்குச் சோறு போச்சா?" என்று கேட்பார். நான் தலையாட்டிய பிறகுதான் இலையில் கைவைப்பார். அப்பாவுக்கும் உங்களிடம் பயம்தான் அண்ணே.