ஹால்வர்சன் குடும்பப் போனஸ்

தம் பணத்தைப் பிறருக்கு வாரிக் கொடுத்த வள்ளல்களை உலகம் நிறையப் பார்த்துவிட்டது. அதில் என்ன பெரிய சாமர்த்தியம்? இருந்தது, கொடுத்தார்கள். பிறர் பணத்தை அந்தப் பிறருக்கே கொடுத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிய மாமனிதர் ஒருவர்தான். விஸ்கான்சின் மாநிலத்து எல்க் பிரெய்ரியில் வெற்றிக் கோப்பைகள் செய்யும் தொழிற்சாலையின் அதிபர், ஓரின் ஹால்வர்சன். அவர் புகழை உலகறியச் செய்வது நம் கடமை.

அது பெருந்தொற்று ஆண்டு. எங்கும் விளையாட்டு இல்லை, ஆகவே யாருக்கும் கோப்பை தேவைப்படவில்லை. தொழிலாளர்களோ சம்பள உயர்வு கேட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வாஷிங்டனிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. முதுமைக்கால ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் வரியை, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பிடிக்காமல் விடலாம். அடுத்த ஆண்டு அதையும் சேர்த்துப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். விடுவதும் விடாததும் முதலாளியின் விருப்பம். தொழிலாளியின் விருப்பத்தைக் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை.

ஊரில் வேறு எந்த முதலாளியும் இதைக் கையால்கூடத் தொடவில்லை. ஓரினின் கணக்கர் கூபியாக்கும் தொலைபேசியில் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"வேணாம் ஓரின். இது தள்ளுபடி இல்ல. தள்ளிப்போடுறது, அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு சல்லிக்காசு செலவில்லாம அவங்க வாயை அடைக்கணும். வேற வழி இருந்தா சொல்லு."

கூபியாக்கிடம் வேறு வழி இல்லை. வரலாறு இப்படித்தான் நிகழ்கிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் 'மாபெரும் அறிவிப்புக் கூட்டம்' நடந்தது. ஆறடிக்கு ஒரு மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு முகக்கவசம். ஓரின் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று, இனி நான்கு மாதத்துக்கு எல்லோர் சம்பளமும் கூடும் என்றும், இதற்கு 'ஹால்வர்சன் குடும்பப் போனஸ்' என்று பெயர் என்றும் அறிவித்தார்.

சிப்பம் கட்டும் டுவேன் கையைத் தூக்கினான். "இது இனாமா, கடனா?"

"டுவேன், நல்ல நாளும் அதுவுமா இப்படியா கேக்கிறது?"

எழுத்துப் பொறிக்கும் இயந்திரத்தை ஓட்டும் லவோன் எழுந்தாள். "எனக்கு வேணாம் ஓரின். எப்பவும் போல பிடிச்சிருங்க. பின்னாடி மொத்தமா பிடிச்சா என்னால தாங்க முடியாது."

"குடும்பம்னா எல்லாரும் ஒரே பந்தியிலதான் உக்காரணும், லவோன். தனி இலை கிடையாது."

"பசிக்கலைன்னாகூடவா?"

"உனக்குப் பசிக்குதா இல்லையான்னு இந்த விஷயத்துல நான்தான் முடிவு பண்ணணும். சட்டமே அப்படித்தான் சொல்லுது."

அடுத்த வாரம், நன்றி மறவாத தொழிலாளர்கள் அதிபருக்கு ஒரு கேடயம் வழங்கிச் சிறப்பித்தார்கள். வாசகம் ஓரின் எழுதியது. பொறித்தவள் லவோன். வழங்குமாறு கேட்டுக்கொண்டவரும் ஓரின்தான்.

இலையுதிர்காலம் இனிதே கழிந்தது. மான் வேட்டைக்கு டுவேன் உள்ளே சூடு தரும் பூட்ஸ் வாங்கினான். வெள்ளிக்கிழமைதோறும் விற்கும் பொரித்த மீனைச் சிலர் இரண்டு பொட்டலமாக வாங்கிப் போனார்கள். லவோனின் கணவன் வேலை பார்த்த மதுக்கடை மூடிக் கிடந்தது. போனஸ் பணத்தைத் தொடக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இருந்த வயிறுகளுக்குத் தெரியவில்லை.

ஜனவரி வந்தது. கூபியாக் அழைத்தார். "சட்டத்தை மாத்திட்டாங்க ஓரின். கொஞ்சம் கொஞ்சமா வருஷம் முழுக்கப் பிடிக்கலாம். அவங்களுக்கு வலிக்காது."

"வருஷம் முழுக்கவா? நடுவுல எவனாவது வேலையை விட்டுட்டா?"

"கடைசிச் சம்பளத்துல பிடிக்க முடியாத மிச்சத்தை நீதான் கையிலேருந்து கட்டணும்."

 தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓரின் 'கையிலேருந்து' என்ற சொல்லின் பொருளைச் சிந்தித்தார். பிறகு ஏப்ரலுக்குள் மொத்தத்தையும் பிடித்துவிடும்படி உத்தரவிட்டார். அந்த மாதச் சம்பளச் சீட்டில் 'ஹால்வர்சன் குடும்பப் போனஸ்' என்ற வரி மறைந்து, அந்த இடத்தில் 'அரசாங்கப் பிடித்தம்' என்று அச்சாகியிருந்தது. கொடுக்கும்போது குடும்பம், பிடுங்கும்போது அரசாங்கம் என்ற இந்த நுட்பமான நிர்வாகப் பிரிவினையை யார் பாராட்டாமல் இருக்க முடியும்?

அன்றிலிருந்து அதிபர் அன்பே உருவானார். யாரையும் அதட்டுவதில்லை. யாராவது கோட்டு மாட்டினால் எங்கே போகிறார்கள் என்று பதறிப்போய்க் கேட்பார். டுவேன் இதை இரண்டே நாளில் மோப்பம் பிடித்துவிட்டான். பத்து மணிக்கு வந்தான், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சாய்ந்து தூங்கினான். ஓரினே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஏப்ரல் வரைக்கும் என்னைத் துரத்த முடியாதுல்ல?" என்றான் டுவேன், கோப்பையை வாங்கிக்கொண்டே.

"குடும்பத்துல யாராவது துரத்துவாங்களாப்பா?"

"போன வருஷம் ரெண்டு தடவை துரத்துனீங்களே."

பிப்ரவரியில் லவோன் வந்து நின்றாள். பக்கத்து ஊர்ப் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் இரண்டு வாரத்தில் போகிறேன் என்றாள்.

ஓரின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "உனக்கு என்னம்மா குறை வெச்சேன்? இந்த மாசச் 'சிறந்த ஊழியர்' நீதான். கதவுப் பக்கத்துல வண்டி நிறுத்துற இடம் உனக்குத்தான்."

"அங்க மணிக்கு மூணு டாலர் கூட ஓரின்."

"அப்ப மிச்சத்தையெல்லாம் உன் கடைசிச் சம்பளத்துல பிடிக்க வேண்டியிருக்கும். நான் என்ன பண்ண, அரசாங்கம்."

லவோனின் முகம் செத்துப்போனது. "அங்க முதல் சம்பளம் வர மூணு வாரம் ஆகும். வெளியில மைனஸ் இருபது. வீட்டுச் சூட்டடுப்புக்கு எரிவாயு நிரப்ப இந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கேன். ரொக்கம் வெச்சாத்தான் அந்த லாரிக்காரன் குழாயையே மாட்டுவான். கொஞ்சம் கொஞ்சமா நானே கொண்டுவந்து கட்டிடறேன்."

"போற ஆளை எப்படிம்மா நம்புறது?"

பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தவள் அவள். இயந்திரத்துக்குத் திரும்பிப் போனாள்.

கடைசி நாளன்று சாப்பாட்டு அறையில் பிரிவுபசார விழா. மேஜையை அடைத்துக்கொண்டு கேக் இருந்தது. தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு உறையை லவோன் கையில் வைத்தார்கள். இந்த வாரம் எரிவாயு லாரியை அழைக்க அது போதும்.  அதே பிடித்தத்தில் அவர்கள் சம்பளத்திலும் பாதி உயிர் போயிருந்தது அவளுக்குத் தெரியும்.

ஓரின் கையில் கேக் துண்டோடு முன்னால் வந்தார். இத்தகைய தருணங்களில் தலைமை மௌனம் காக்கக் கூடாது.

"பாத்தீங்களா, இதுதான் ஹால்வர்சன் குடும்பம்," என்றார். "செப்டம்பர்ல கொடுக்க ஆரம்பிச்சோம். இன்னும் கொடுத்துக்கிட்டே இருக்கோம்."

லவோன் உறையைப் பையில் வைத்தாள். "ஓரின், போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறேன். செப்டம்பர்லேருந்து இன்னைக்கு வரைக்கும் உங்க சொந்தப் பையிலேருந்து என்ன போச்சு?"

அதிபர் நேர்மையானவர். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, வெகுநேரம் யோசித்தார். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது.

"கேக்," என்றார்.

"அதுக்கும் நாங்கதான் காசு போட்டோம்," என்றான் டுவேன். "உங்க கையில இருக்கிறது ரெண்டாவது துண்டு."