பனியனுக்கு மூன்று நாள் ஓய்வு

சுமை மாஸ்டர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? கூடைப்பந்துக் கோர்ட்டின் ஓரத்தில், கழுத்தில் விசிலும் கையில் டேப்லெட்டுமாக, குனிந்த தலை நிமிராமல் நிற்கும். ஆட்டத்தை மட்டும் பார்க்காது. பந்து மண்டையில் வந்து விழுந்தாலும் "யாரு போட்டது?" என்று கேட்காது, "என்ன வேகம்?" என்றுதான் கேட்கும்.

வளர்கிற பிள்ளைகளை அளவுக்கு மீறி ஓடவிட்டால் முட்டி போய்விடும், அதனால் யார் எவ்வளவு ஓடினார்கள், குதித்தார்கள் என்று கணக்கு வைப்பது நல்ல யோசனை. நானே கைதட்டுவேன். ஆனால் அந்த யோசனை மாஸ்டர் கையில் கிடைத்ததும் என்ன ஆயிற்று? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பனியன், பனியனின் முதுகுப் பையில் குதிப்பையும் இதயத்துடிப்பையும் எண்ணும் தீப்பெட்டி அளவு கருவி, காலையில் எழுந்ததும் எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை படி ஏறினாய், தம்பியோடு சண்டை போட்டாயா, போட்டால் எத்தனை நிமிடம் என்று பதினேழு கேள்வி, பயிற்சி முடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பதினெட்டாவது கேள்வி.

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லு. எவ்வளவு களைப்பு?"

"நாலு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சதுல அஞ்சாயிடுச்சு சார்."

டேப்லெட்டில் பெயர் பச்சையாக இருந்தால் ஆடலாம். சிவப்பு என்றால் பெஞ்சு. தலைகீழாக நின்றாலும் பெஞ்சுதான்.

அந்த அணியில் ஏணி என்று ஒரு பெண். பதினாறு வயது, உயரத்துக்கு வைத்த பெயர். சனிக்கிழமை தேர்வுக் குழு வருகிறது, மாவட்ட அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள், வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. செவ்வாய்க்கிழமை அவள் அம்மா கருவியை எடுக்க மறந்து பனியனை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். அது சாதாரண மெஷினா? ஒரு கால் உடைந்தது. ஓடத் தொடங்கினால் சமையலறையிலிருந்து வாசல்வரை குதித்துக்கொண்டே வரும்.

புதன்கிழமை ஏணியின் பெயர் ரத்தச் சிவப்பு. நாற்பது நிமிடத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குதிப்பு.

"நேத்து சாயங்காலம் என்ன பண்ணினே?"

"கணக்குப் படிச்சேன் சார்."

"குதிச்சுக்கிட்டேவா?"

அம்மா பதறி அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சார், குதிச்சது எங்க வாஷிங் மெஷின் சார்!"

"இருக்கலாம்மா. ஆனா பதிவாயிடுச்சே."

"அழிச்சுடுங்களேன்."

"பதிவை அழிக்கிறதா!" மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆப் கடைசி மூணு நாளைத்தான் பாக்கும். அதுவரைக்கும் முழு ஓய்வு. கருவி அசையவே கூடாது."

"கருவி அசையலைன்னா போதுமா சார்?"

"கருவி அசையலைன்னா ஆளு அசையலைன்னுதானேம்மா அர்த்தம்?"

அம்மா கருவியோடு பனியனை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பனியனைக் கட்டிலில் கிடத்தினாள். தலையணை வைத்தாள், போர்வை போர்த்தினாள், மின்விசிறியை இரண்டில் வைத்தாள். வேலை முடிந்து வந்த அப்பா கட்டிலைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். ஏணியோ பூங்காவில் இருந்த கோணல் வளையத்தில், காலையும் மாலையும், அம்மா பந்து பொறுக்கிப் போட, மூன்று நாளும் பேய் மாதிரி குதித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மாஸ்டரிடமிருந்து போன். "பச்சைம்மா, பச்சை! என்ன ஓய்வு, என்ன ஓய்வு! இதயத்துடிப்பு மூணு நாளா பூஜ்யம். இவ்வளவு அமைதியான இதயத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்லை!"

சனிக்கிழமை ஏணி இருபத்தாறு புள்ளி எடுத்தாள். பட்டியலில் பதினோராவது பெயர் அவளுடையது. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாஸ்டர் தேர்வுக் குழுவை விட்டாரா? ஒவ்வொருவர் மூக்குக்கு எதிரிலும் டேப்லெட்டை நீட்டி, "எல்லாம் ஓய்வோட மகிமை சார்" என்று விளக்கிவிட்டுத்தான் வந்தார்.

வந்து பார்த்தால் ஏணி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

"சார், சத்தியமா முடியலை. பத்துக்குப் பத்து சார். காலை மடக்க முடியலை."

மாஸ்டர் டேப்லெட்டைப் பார்த்தார். முட்டியைப் பார்க்கவில்லை.

"பொய் சொல்லாதே. இந்த மேட்சையும் சேத்து ரெண்டுதான் வருது. உனக்கு உழைப்பே பத்தலை. எழுந்து நாலு ரவுண்டு ஓடு."

ஏணி அம்மாவைப் பார்த்தாள். பனியனைத் தூங்கவைத்தவள் எந்த வாயால் பேசுவாள்? அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஏணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடினாள்.

"பாத்தீங்களா, ஓடுறாளே!" என்றார் மாஸ்டர், டேப்லெட்டைப் பார்த்து.

இப்படியும் ஒரு மனுஷனா என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். போகட்டும், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?

அட, பதில் சொல்லுங்கள் என்றால் மணிக்கட்டை ஏன் திருப்பிப் பார்க்கிறீர்கள்?