ஐந்து மணிக்குள் ஒரு பிரவுசர்

"எல்லாப் பெட்டியும் ரொப்பிட்டேன். 'சமர்ப்பி' பட்டனைத்தான் காணோம்!"

போனில் மனைவியிடம் புலம்பினார் வரைவாளர். நில அளவை அலுவலகத்தில் அவர் வரைவாளர். அவளும் அதே துறையில் வரைவாளர்தான், நானூறு கிலோமீட்டர் தள்ளி. கல்யாணமாகி மூன்று வருடம். குடும்பம் நடத்தியதெல்லாம் லீவு நாட்களில்தான். அவள் ஊருக்கு மாற்றல் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்க இன்று ஐந்து மணியோடு சரி. விட்டால் இன்னும் மூன்று வருடம்.

"வேற பிரவுசர்ல திறந்து பாருங்களேன்."

வரைவாளர் உதவிக்குக் கூப்பிட, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். எதற்கெடுத்தாலும் 'அப்டேட் பண்ணுங்க' என்பதால் தெருவே அவரை அப்டேட் அண்ணன் என்றது.

"இது கம்ப்யூட்டரோடயே வந்த பிரவுசர் தம்பி. இதையா நம்பி உக்காந்திருக்கீங்க? அழிச்சிடுங்க. நான் வேற போடறேன், சும்மா பறக்கும்."

பறந்தது. பட்டனும் வந்தது. ஆனால் தமிழெழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகி, விண்ணப்பம் குறுக்கெழுத்துப் போட்டி போல நின்றது.

"அண்ணே, என் பேரையே காணோம்!"

"அடுத்ததைப் போடுவோம்."

மூன்றாவது பிரவுசர் தமிழை ஒழுங்காகக் காட்டியது. கூடவே வானிலை, தொப்பை குறைக்கும் வழி, அழுகிற நடிகை எல்லாவற்றையும் காட்டியது. 'என்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்வீர்களா?' என்று நிமிஷத்துக்கொரு தரம் கேட்டது. தொல்லை தாங்காமல் சம்மதித்தார். திரை அப்படியே உறைந்தது.

"சம்மதிச்சதும் பேச்சை நிறுத்திடுச்சே அண்ணே!"

நான்காவது, பாதுகாப்பில் கெட்டி. ரகசிய எண் கேட்க வந்த சின்ன ஜன்னலைத் திருடன் என்று நினைத்து விரட்டிவிட்டது.

மணி நாலரை. மறுபடி மனைவிக்குப் போன்.

"முடியலம்மா. நாலு பிரவுசர் பாத்தாச்சு. உன்னைக் கண்டுபிடிக்கக்கூட நான் இவ்வளவு அலையல."



"அழாதீங்க. மூடி வெச்சிட்டு முகத்தைக் கழுவுங்க. நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

பார்த்துக்கொள்கிறாளாமே? தனியாகவே இருந்துகொள்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாளோ?

"அண்ணே, கம்ப்யூட்டரோட வந்த பழசையே போடுங்க!"

"அதைத்தான் அழிச்சாச்சே."

"அழிச்சதை அப்டேட் பண்ணுங்க!"

அண்ணன் உடனே வேலையில் இறங்கினார். பழைய பிரவுசர் புதுப் பதிப்பாக வந்து உட்கார்ந்தது. தமிழ் தமிழாகவே இருந்தது. ஜன்னல் திறந்தது. அடியில் பட்டன் பச்சையாக மின்னியது. ஐந்தடிக்க நாலு நிமிஷம். அழுத்தினார்.

'விண்ணப்பம் ஏற்கப்பட்டது.'

அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பத்தாவது நிமிஷம் போன் அடித்தது. மனைவி இல்லை, தலைமை அலுவலகத்துக் குமாஸ்தா.

"சார், உங்களுக்கு மச்சம்தான்! நீங்க கேட்ட ஊர்ல காலியிடமே கிடையாது. ஆனா அங்கேருந்து ஒரு மேடம் கால் மணி முன்னாடிதான் உங்க ஊரைக் கேட்டுப் போட்டாங்க. ரெண்டு பேரையும் இடம் மாத்தி ஆர்டர் போட்டாச்சு. இனிமே யாராலயும் ரத்து பண்ண முடியாது."



"யாரு... யாரு அந்த மேடம்?"

"பேரு ஞாபகமில்ல சார். ஆனா காரணம் கேட்ட இடத்துல, 'வீட்டுக்காரருக்குப் பிரவுசர் அமையவில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. ஆபீஸே சிரிச்சுது!"