நேயர் பேசாத அழைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் கடையில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நான். பக்கத்துத் தையல் கடைக் கமலாக்கா. ரியூப் ஒட்ட வந்த மயிலிட்டி மீன்பிடிகாரர் தவம் அண்ணை. நாலாவது ஆள் நேயர். வானொலியைக் கண்டுபிடித்ததே நேயர் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் சண்டிலிப்பாயில் இதை ஒருவரும் மறுத்துச் சொல்லமாட்டார்கள்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்கே அது தெரியாது. எந்த நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தாலும் "உங்கடை நேயர் கதைக்கிறன்" என்று தொடங்குவார். ஊருக்கும் நேயர் ஆகிவிட்டார். பீற்றூட் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போதும் இடுப்பில் ரேடியோ. ஒருமுறை ஒரு செத்தவீட்டில் பின்னேரம் ஐந்து மணியானதும், "நாடகம் துவங்குது, இவரும் கேட்கிற மனிசன்தானே" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கூட்டினார். ஒருவரும் ஏசவில்லை. நாடகத்தைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் மிச்ச அழுகையை அழுதார்கள்.

அந்த ஞாயிறுக்கு முதல்நாள் நேயர் முகம் வெளிறிப்போய் வந்தார்.

"தம்பி, நாடகத்தைத் தூக்கப் போறாங்கள்."

"ஆர்?"

"ரேடியோ நிலையத்துக்காரர். நாளைக்கு விடிய ஆறிலை இருந்து பின்னேரம் ஆறு வரைக்கும் பாட்டில்லை. பேச்சும் நாடகமும்தான். சனம் போன் எடுத்தால் தொடருமாம். எடுக்காட்டி அடுத்த ஞாயிறு தொடக்கம் நாள் முழுக்கப் பாட்டு."

"பாட்டும் நல்லதுதானே."

அவர் பார்த்த பார்வையில் என் கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது. பிறகு மெல்லச் சொன்னார்: "நான் தனி ஆள். என்ரை வீட்டிலை நாலைஞ்சு பேர் சேர்ந்து கதைக்கிறது அந்த அரை மணித்தியாலந்தான், தம்பி."

நான் குனிந்து ஸ்பானரைப் பொறுக்கினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் பேசலாம் என்று நிலையத்தில் சட்டம். அந்தச் சட்டமே நேயரால் வந்ததுதான். அதனால் ஞாயிறு காலை கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிகழ்ச்சிகளை எழுதி, ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்தார். போன் அவருடையது, அதற்குக் காசு ஏற்றும் ரீலோட் என் கடையிலிருந்து, கடனுக்கு. தன் ஒரு அழைப்பை நாடகத்துக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டார். "குரல் மாறினால் காணும்" என்றார். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்படவேண்டிய ஒன்றை அப்போது கவனிக்கவில்லை.

எட்டு மணிக்குத் தோட்டக்காரர் நிகழ்ச்சி. கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத தவம் அண்ணையின் கையில் நேயர் போனைத் திணித்தார். பீற்றூட் இலையில் புள்ளி விழுகிறது, இதுதான் சொல்லிக்கொடுத்த கேள்வி. அதை ஒழுங்காகக் கேட்டும்விட்டார்.

"எத்தினை பரப்புக் காணியிலை செய்யிறீங்கள்?" என்றார் விவசாய அலுவலர்.

தவம் அண்ணை எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். "காத்தைப் பொறுத்து ஐயா," என்றார், "நேற்று நாப்பது கிலோ பட்டது."

பத்து மணிக்கு மருத்துவர். கமலாக்கா முழங்கால் வலியைக் கேட்கவேண்டும். லைன் கிடைத்ததும் முழங்காலை மறந்துபோய், தன் புருசனின் குறட்டையைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார். "அக்கா, அவரும் இப்ப கேட்டுக்கொண்டிருப்பாரோ?" என்றார் மருத்துவர். "கேக்கட்டும். அதுக்குத்தானே எடுத்தனான்."

பிறகு சட்ட ஆலோசனை. என் முறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காணி எல்லையைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று நேயர் எழுதித் தந்திருந்தார். விளம்பரம் முடியும்வரை லைனிலேயே நிற்கவைத்தார்கள். அந்த நேரத்துக்குள் தாள் வியர்வையில் ஊறி எழுத்து அழிந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன்: "ஐயா, ஒரு ஆள் சொல்லிக்கொடுத்து வேறை ஆக்கள் ரேடியோவுக்குப் போன் எடுத்தால், பொலிஸ் பிடிச்சு மறியலிலை போடுமோ?"

"எத்தினை பேர் தம்பி?" என்றார் சட்டத்தரணி.

நேயர் போனைப் பறித்து நிற்பாட்டினார். "உம்மை நம்பினன் பாரும், எனக்குத்தான் விசர்."

ஐந்து மணிக்கு நாடகம். ஒரு பங்குக் கிணறு, பன்னிரண்டு வருடம் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும். தண்ணீர் அள்ள இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறார்கள். வெறும் கப்பிச் சத்தம். பிறகு அண்ணன் சொல்கிறான்: "கயிறு இத்துப்போச்சு. மாத்தவேணும்." தம்பி சொல்கிறான்: "நான் வாங்கியாறன்." அவ்வளவுதான். கமலாக்கா சட்டைத் துணியில் மூக்கைச் சிந்தினார். தவம் அண்ணையின் ரியூப் காலையிலிருந்து தண்ணீர்ச் சட்டியிலேயே கிடந்தது.

"உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறோம்" என்றது அறிவிப்பாளர் பிள்ளையின் குரல். நேயர் நம்பரை அழுத்தினார். லைன் கிடைத்தது. இத்தனை வருடமாக வாய் ஓயாத மனிதர் போனைப் பிடித்தபடி நின்றார். உதடு அசைகிறது, சொல் வரவில்லை. ரேடியோவில் அவருடைய மூச்சுத்தான் கேட்டது.

"கதையுங்கோ அண்ணை" என்று முழங்கையால் இடித்தேன். அவருக்குக் கேட்கவில்லை.

"நேயர் அண்ணை, நீங்கள்தானே?" என்றது ரேடியோ. "விடியத் தொடக்கம் இந்த நம்பர் ஒண்டுதானே வருது."

நாலு பேரும் கல்லாகிவிட்டோம். எனக்குப் பொலிஸ் வாகனச் சத்தமே கேட்டது. ரோட்டில் போனது ஐஸ்கிரீம் வான்.

"பயப்பிடாதேங்கோ. எங்கடை முகாமையாளர் அந்தப் பீற்றூட் கேள்வியிலை இருந்து ரேடியோவை நிப்பாட்டவேயில்லையாம். உந்த நம்பர் இருக்குமட்டும் நாடகத்தை நிப்பாட்டேலாது எண்டு சொல்லிப்போட்டார். அழாதேங்கோ அண்ணை. அடுத்த ஞாயிறும் அஞ்சு மணிக்கு."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நேயர் ரேடியோவோடு கடைக்கே வந்துவிடுகிறார். கமலாக்கா வருகிறார். தவம் அண்ணை காற்றுப் போகாத சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வருகிறார். வந்து இருந்ததும், "தம்பி, அண்டைக்குப் போட்ட ரீலோட் காசு..." என்று நேயர் மடியைத் தடவுவார். நான் அவசரமாக ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். தந்து தீர்த்துவிட்டால் பிறகு வராமல் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆயிரத்து நூற்றைம்பது ரூபா. அது அப்படியே நிற்கட்டும்.