ஆடாதே அண்ணனும் பாதிக் கோடும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், சும்மா நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்துக்கூட "ஆடாதீங்க!" என்று கத்தக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆடாதே அண்ணன்தான். நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். அதே ஆய்வகத்தில் அவருக்கு அடுத்தபடியாக நான் சேர்ந்தது என் ஜாதகம்.

அந்த மகத்தான யோசனை அவருக்கு உதித்தது விழுப்புரம் டவுன் பஸ்ஸில். ஒரு அம்மா முட்டைக் கூடையை மேல் கம்பியில் சைக்கிள் ட்யூபால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வேகத்தடையில் பஸ் எகிறியது. என் தலை கூரையில் இடித்தது. ஒரு முட்டைகூட உடையவில்லை. அண்ணன் எழுந்து போய்க் கூடையை விரலால் சுண்டி, அது ஆடி அடங்குவதை ரசிக்க ஆரம்பித்தார்.

"யோவ், கைய எடு! உடைஞ்சா உங்கப்பனா குடுப்பான்?"

"அம்மா, இது எந்த சைக்கிள் ட்யூபுங்க?"

"கண்டக்டரு, இந்த ஆள எறக்கி வுடுங்க. பேஜாரு பண்ணிக்கினு இருக்காரு!"

இறக்கிவிட்டார்கள். என்னையும் சேர்த்து.

விஷயம் இதுதான். சில படிகங்களைத் திரவ நைட்ரஜனில் குளிர வைத்தால் மின்தடையே இல்லாமல் போய்விடும். உள்ளே எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. அண்ணன் கையாலேயே செய்த நுண்ணோக்கியில் லென்ஸ் கிடையாது, ஓர் ஊசிதான். படிகத்தைத் தொட்டும் தொடாமலும் ஊசியை நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், திரையில் இரண்டு பக்கமும் தோள், நடுவில் பள்ளம் என்று ஒரு கோடு வரவேண்டும். ஜோடி சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். யாராவது இருமினால் ஊசி படிகத்தில் குத்திக்கொள்ளும். எங்களுக்குப் பின்னாலேயே ரயில் பாதை வேறு.

மறுநாளே ஆய்வகத்து மின்விசிறி கழற்றப்பட்டது. அந்தக் கொக்கியில் சைக்கிள் ட்யூப்கள் கட்டி, முட்டைக் கூடை போலவே நுண்ணோக்கியைத் தொங்கவிட்டார். சித்திரை வெயிலில் நான் வியர்வையில் மிதந்தேன். செருப்புக்குத் தடை. கேன்டீன் அக்கா கிரைண்டர் போடத் தடை.

"மாவு ஆட்டாம இட்லிக்கு இன்னா மண்ணையா ஊத்தறது?" என்று அக்கா கரண்டியோடு வந்தார்.

"அக்கா, வர்றதுன்னா வாங்க. பூமிக்குத் தெரியாம நடந்து வாங்க."

இந்த லட்சணத்தில், இம்முறையும் கோடு வராவிட்டால் வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கையில் இருந்ததோ கடைசிப் படிகம்.

நைட்ரஜனுக்கு எங்கள் கதி மாட்டாஸ்பத்திரி. மாடுகளுக்குப் போடும் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை அங்கே அதில்தான் உறைய வைப்பார்கள். "வராண்டால ஒரு கேன் வெச்சிருக்கேன், எடுத்துக்கினு போங்க" என்று அங்கே மாடுகளுக்கு ஊசி போடும் ஊசிக்காரர் போனில் சொல்லியிருந்தார். அங்கே இரண்டு கேன்கள் இருந்தன. அண்ணன் இரண்டையும் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, குழி வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மூடியைத் திறந்ததும் உள்ளே ஓரமாக ஏதோ தொங்குவது தெரிந்தது. "அது கேனோட பாகம் தம்பி, தொடாத" என்று சொல்லி, நுண்ணோக்கியைப் படிகத்தோடு கேனுக்குள் நடுவில் இறக்கிவிட்டார்.

ரயில் போனது. கிரைண்டர் நின்றது. நான் மூச்சை அடக்கினேன். திரையில் கோடு ஏறியது. தோள்! பிறகு சரிந்து பள்ளத்தில் இறங்கியது. அண்ணனின் கண்ணில் நீர்.

அப்போதுதான் ஆய்வகத்து வராண்டாவில் தடதடவென்று பூட்ஸ் சத்தம்.

"யாருய்யா என் காளைய தூக்கிக்கினு வந்தது? மயிலத்துல மாடு காலைலேர்ந்து கத்திக்கினு இருக்குது! ஜல்தி குடுங்க!"

"ஆடாதீங்க!" என்று அண்ணன் அலறினார். ஊசிக்காரர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"சார், அந்த வூட்டுக்கு அது ஒரே மாடு. சாயங்காலம் ஆச்சுன்னா பருவம் போயிடும்" என்று அந்தக் கோலத்திலேயே மெதுவாகச் சொன்னார்.

கேனில் ஓரமாகத் தொங்கியது அவருடைய விந்துக் குச்சிதான். அதை எடுத்தால் கேன் ஆடும், ஊசி படிகத்தில் குத்தும். கோடு பள்ளத்தின் அடியில் நின்றிருந்தது. மறுபக்கம் ஏற வேண்டியதுதான் பாக்கி. "அண்ணே, கொஞ்ச நேரம்தாண்ணே!" என்று நானே கெஞ்சினேன்.

அண்ணன் திரையைப் பார்த்தார். ஊசிக்காரரின் தூக்கிய காலைப் பார்த்தார். இரண்டு கையாலும் நுண்ணோக்கியை வெளியே இழுத்துவிட்டார். வெளிக்காற்று பட்டதும் படிகத்தின் மேல் பனி பூத்தது. தீர்ந்தது அந்தப் படிகத்தின் கதை. "எடுத்துக்கினு போங்க. போகும்போது ஆட்டாம போங்க" என்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதிக் கோடு ஆதாரமாகாது என்று பேராசிரியர் ஒரு வாரம் திட்டினார். திட்டி முடித்து, தன் நண்பரிடம் சொல்லி இன்னொரு படிகம் வரவழைத்தார். மயிலத்து மாடு சினை பிடித்துவிட்டதாம். ஊசிக்காரர் இந்த முறை தானே கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் சாக்பீஸால் 'காளை இல்லை' என்று எழுதியிருக்கிறது. கேன்டீன் அக்கா, யாரும் கேட்காமலே, நாளைக்கு ஆட்டவேண்டிய மாவை இன்றைக்கே ஆட்டிவிட்டார்.

நாளை காலை ரயில் போனதும் மறுபடி இறக்குகிறோம், இந்த முறை முழுக் கோட்டுக்கு. நான் இப்போதே செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன்.